கோட்டுக்கு வெளியே எவ்வளவு இடம்? கொல்லைப்புற ஆடுகளம்: கேள்வி-பதில்

கொல்லைப்புறத்தில் ஆடுகளம் அமைப்பது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தரைக்கு எந்த வண்ணம் அடிக்கலாம் என்பதைப் பற்றியவை. அவற்றை ஒதுக்கிவிட்டு, அடிபடாமல் ஆடுவது தொடர்பான ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக் களங்கள் பலவற்றைப் போட்டும் பழுது பார்த்தும் நான் கண்டது இதுதான்: வீட்டில் ஆடுகிறவர்களுக்குக் காயம் ஏற்படுவது பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒரு பொருளால்தான்.

எங்கள் கொல்லை 48 அடி நீளமும் 24 அடி அகலமும் கொண்டது. இறகுப்பந்துக் களத்துக்கு 44க்கு 20 அடி போதும், தாராளமாகப் போடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஆடுவதற்கு அப்படியே போட்டுவிடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ஒப்பந்தக்காரர் சொன்ன அளவு சரி. அவர் வந்த முடிவு சரியில்லை. 44க்கு 20 அடி, அதாவது 13.40 மீட்டருக்கு 6.10 மீட்டர், இரட்டையர் ஆட்டத்தின் முழு அளவு. ஆனால் அது கோட்டின் அளவு மட்டுமே. போட்டி அரங்குகளில் கோட்டுக்கு அப்பால் நாற்புறமும் 2 மீட்டர் வெற்றிடம் விடுவார்கள். உங்கள் கொல்லையில் ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது 2 அடிதான். தலைக்கு மேல் போகும் இறகுப்பந்தைத் துரத்திப் பின்னால் ஓடுகிறவரின் கண் வானத்தில் இருக்கும்; சுற்றுச்சுவர் எங்கே இருக்கிறது என்பதை அவருடைய பின்மண்டைதான் கண்டுபிடிக்கும்.

நான் சொல்வது, களத்தைச் சுருக்குங்கள். அகலத்தை ஒற்றையர் அளவான 17 அடியாகவும், நீளத்தை 40 அடியாகவும் வைத்துக்கொண்டால், பக்கவாட்டில் மூன்றரை அடியும் பின்னால் 4 அடியும் கிடைக்கும். வலையின் நடு உயரம் 5 அடி, வலையிலிருந்து முன் சர்வீஸ் கோடு ஆறரை அடி என்ற இரண்டையும் மாற்ற வேண்டாம். குறைப்பதைப் பின்கோட்டில் குறைத்தால் ஆட்டத்தின் சுவை பெரிதாகக் கெடாது. மாவட்டப் போட்டிக்குப் பழகும் பிள்ளை இருந்தால் அளவு மாறிப்போகுமே என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளை முழு அளவுக் களத்தில் பயிற்சியாளரிடம் பழகட்டும். வீட்டுக் களம் நால்வரும் சிரித்து ஆடுவதற்கு.

கான்கிரீட் கலவைக்கு ஆள் சொல்லும் முன் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். வெறுந்தரையில் கோலமாவால் கோடு போட்டு, இரண்டு கழிகளை நட்டு வலை கட்டி, மாலை வேளையில் எல்லோரும் ஆடிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். கழுத்து உயரத்தில் ஓடும் துணிக்கொடிக் கம்பி, வெளிப்புறமாகத் திறக்கும் ஜன்னல் கதவின் மூலை, ஏ.சி.யின் வெளிப்பெட்டி, துவைக்கும் கல், தரையிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் ஆகியவை நாம் தினமும் பார்ப்பதாலேயே கண்ணில் படாமல் போகிறவை. துணிக்கொடியை மொட்டை மாடிக்கு மாற்றிவிடுங்கள். சுற்றுச்சுவரின் மேல் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருந்தால் அவற்றைக் கட்டாயம் உடைத்தெடுத்துவிட்டு மழுங்கப் பூச வேண்டும். பக்கத்து வீட்டில் விழுந்த பந்தை எடுக்கப் பத்து வயதுப் பிள்ளை வாசல் வழியாகச் சுற்றிப் போவான் என்று எந்தப் பெற்றோரும் நம்பக் கூடாது.

களத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக அமைந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் நேராகக் கண்ணில் அடிக்காது. உங்கள் மனை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் வேறு வழியில்லை. மேற்குப் பக்கம் ஒரு பச்சை நிழல்வலையைக் கட்டிச் சமாளித்துக்கொள்ளலாம்.

தரைக்குச் சிமென்ட், பிளாஸ்டிக் டைல், செயற்கைப் புல் இவற்றில் எது நல்லது? எங்களுடையது கரிசல் மண். (வாசகி, கோவில்பட்டி)

மேலே என்ன விரிப்பது என்பதை விட, கீழே இருக்கும் மண்ணைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் நேரடியாகப் போடும் எந்தக் கான்கிரீட்டும் இரண்டு மழைக்காலத்துக்குள் விரிசல் விட்டு, ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்படித் தூக்கிய விளிம்பு அரை அங்குலம் இருந்தாலும் கணுக்காலைச் சுளுக்க அது போதும். கரிசலைத் தோண்டி அகற்றிவிட்டுக் கிராவல் கொட்டி, ஆறு ஆறு அங்குலமாகத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். எத்தனை அடி தோண்டுவது என்பதை மண்ணை நேரில் பார்க்கும் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும். இந்தச் செலவு வேண்டாம் என்றால் மேலே செம்மண் கொட்டி, களத்தை மண் களமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கல் பொறுக்கி, நீர் தெளித்து, உருளையால் இறுக்கிய செம்மண் தரை முழங்காலுக்கு மிகவும் இதமானது. தஞ்சையில் தோன்றியதாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டம் வளர்ந்ததே இத்தகைய தரைகளில்தான்.

கான்கிரீட் என்று முடிவு செய்தால் நான்கு அங்குலக் கனத்தில் எம் 20 என்ற வலிமைத் தரக் கலவை வீட்டுக்குப் போதும். இரு திசையிலும் 10 அடிக்கு ஒரு வெட்டுக்கோடு, ஓர் அங்குல ஆழத்தில், போட்ட மறுநாளுக்குள் விழ வேண்டும். தாமதித்தால் கான்கிரீட் தனக்குப் பிடித்த இடத்தில் தானே வெடித்துக்கொள்ளும். வாட்டம் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில், அதாவது 20 அடி அகலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம், ஒரே பக்கமாகச் சரிய வேண்டும். நடுவில் மேடாக்கி இரு பக்கமும் தண்ணீர் இறக்குவது சாலைக்குத்தான் சரி. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி ஆற வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கு 14 நாள் ஈரம் காட்டுவது நல்லது. அக்ரிலிக் பூச்சை 28 நாள் கழித்தே தொட வேண்டும். அதற்கு முன், ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் பூச்சைத் தள்ளிப்போடுங்கள்.

இனி, கொத்தனாரிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய ஒன்று. நம்மூர்க் கொத்தனார்களுக்குச் சிமென்ட் பால் போட்டு முகம் தெரியும்படி தேய்ப்பதில் ஒரு பெருமை உண்டு. நான் போட்ட முதல் களத்தில் அந்தப் பளபளப்பைப் பார்த்து நானே பூரித்துப்போனேன். மார்கழிப் பனி விழுந்த ஒரு காலையில் அதே தரையில் வழுக்கி என் மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து என் களங்களில், கான்கிரீட் பச்சையாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே மெல்லிய வரி இழுக்காமல் கொத்தனாரை விடுவதில்லை. பூச்சு அடித்தாலும் அதில் நைஸ் மணல் கலந்த வகையையே கேட்டு வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை பாசியைச் சுரண்டித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

டைல் தண்ணீரை உடனே வடிக்கும். ஆனால் அடியில் கான்கிரீட் சமமாக இல்லாவிட்டால் ஆடும், அடியில் சேரும் மண்ணை அவ்வப்போது கழற்றி எடுக்க வேண்டும். செயற்கைப் புல்லை நான் பரிந்துரைப்பதில்லை. சித்திரை வெயிலில் நண்பகலில் அதன் மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

களத்தின் ஓரத்தில் காய்க்கும் தென்னை ஒன்று நிற்கிறது. வெட்ட மனம் வரவில்லை. (வாசகர், பேராவூரணி)

வெட்ட வேண்டாம், களத்தை நகர்த்துங்கள். நெட்டைத் தென்னையின் ஒரு மட்டையே 15 அடிக்கு மேல் நீளும், காய்ந்தது எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே மரத்தடியிலிருந்து குறைந்தது 18 அடி தள்ளி முதல் கோடு விழ வேண்டும். இடம் இல்லையென்றால் மாதம் ஒரு முறை ஆள் ஏற்றி முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட்டு, காற்று வீசும் நாளில் ஆட்டத்தை நிறுத்துவது என்று வீட்டில் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அதை அரைகுறைப் பாதுகாப்பு என்றுதான் சொல்வேன். முருங்கைக்கு மட்டும் இரக்கம் காட்ட வேண்டாம். அதன் கிளை சொல்லாமல் முறியும். பிள்ளைகளோ பந்தை எடுக்க முதலில் ஏறுவது அதில்தான்.

கல்லூரியில் படிக்கும் மகனும் ஏழு வயது மகளும் ஒரே கூடைப்பந்து வளையத்தைப் பயன்படுத்த முடியுமா? (வாசகி, திருச்சிராப்பள்ளி)

முடியும், உயரத்தை மாற்றிக்கொள்ளும் கம்பமாக வாங்கினால். பெரியவர்களுக்கு வளையம் 3.05 மீட்டரில், அதாவது 10 அடியில் இருக்க வேண்டும். சிறார் ஆட்டத்தில் அது 2.60 மீட்டர். மகளுக்கு 5-ஆம் எண் பந்தையோ அதனினும் சிறியதையோ கொடுங்கள். அண்ணனின் 7-ஆம் எண் பந்தை ஏழு வயதுக் கை பிடிக்காது, பந்துதான் விரலைப் பின்னால் மடக்கும்.

அடியில் தண்ணீரோ மணலோ நிரப்பி நிறுத்தும் நகரும் கம்பங்கள் மலிவானவை. ஆனால் அண்ணனின் நண்பர்களில் ஒருவர் வளையத்தைப் பிடித்துத் தொங்கினால், கம்பம் அப்படியே முன்னால் சாயும். நான்கு அடி ஆழக் குழி எடுத்துக் கான்கிரீட்டில் நட்ட கம்பமே குடும்பத்துக்கு ஏற்றது. கம்பத்திலிருந்து பலகை குறைந்தது 4 அடி முன்னால் நீட்டியிருக்க வேண்டும், ஏனெனில் ஓடி வந்து பந்தைப் போடுகிறவர் போட்ட இடத்திலேயே நிற்பதில்லை. கம்பத்தைத் தரையிலிருந்து ஏழு அடி வரை தடித்த நுரைப் பஞ்சு வைத்துத் தார்ப்பாயால் சுற்றிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆடும்போது மோதிரம் கூடாது. குதித்து இறங்கும்போது வளையத்தின் வலைக்கொக்கியிலோ கம்பிவேலியிலோ மோதிரம் மாட்டிக்கொண்டால், உடலின் முழு எடையும் அந்த ஒரு விரலில் இறங்கும்; சதை உரிந்துவிடும். தொங்கும் தோடும் துப்பட்டாவும் இதே வகைதான். களத்தின் நுழைவாயிலருகே ஓர் ஆணியில் சிறு கிண்ணத்தை மாட்டிவைத்தால், கழற்றிப் போடும் பழக்கம் தானாக வரும்.

அம்மாவுக்கு 66 வயது. பேரப்பிள்ளைகளோடு தானும் ஆட வேண்டும் என்கிறார். முழங்கால் வலி உண்டு. என்ன செய்யலாம்? (வாசகர், நாகர்கோவில்)

முழங்காலைப் பார்த்த மருத்துவர் சரி என்று சொன்னால் வளையப்பந்து ஆடச் சொல்லுங்கள். அவர் பள்ளியில் ஆடியிருக்கவும் கூடும். ரப்பர் வளையத்தை ஒரு கையால் பிடித்து எதிர்ப்பக்கம் வீசும் ஆட்டம் அது. குதிக்க வேண்டியதில்லை, மட்டையும் இல்லாததால் பேரனின் வீச்சு பாட்டியின் நெற்றியில் படும் அச்சமும் இல்லை. அதன் களம் 12.2 மீட்டருக்கு 5.5 மீட்டர், அதாவது 40க்கு 18 அடி. மேலே கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்ன சுருக்கிய களத்திலேயே ஏறக்குறைய அடங்கிவிடும். முறையான வலை ஆறு அடி உயரம் வரும். அம்மாவுக்காக அதை ஐந்தடிக்கு இறக்கினால் எந்த நடுவரும் வந்து கேட்கப்போவதில்லை.

உங்கள் கவலை களத்தைப் பற்றியது. என் கவலை சமையலறைக் கதவிலிருந்து கொல்லைக்கு இறங்கும் படியைப் பற்றியது. வெளிச்சமான களத்திலிருந்து இருட்டான படிக்கு வரும்போதோ, ஈரக்காலோடு ஏறும்போதோதான் முதியவர்கள் விழுகிறார்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பட்டை அடியுங்கள். ஒரு பக்கமாவது கைப்பிடிக் குழாய் போடுங்கள். படிக்கென்று தனி விளக்கு ஒன்று இருக்கட்டும். களத்தோரம் போடும் இருக்கைக்குக் கைதாங்கி அவசியம், ஏனென்றால் வலியுள்ள முழங்காலுக்கு உட்காருவதை விட எழுவதே கடினம்.

இரவில் ஆட மாடிச் சுவரில் இரண்டு ஃபிளட் லைட் மாட்டலாம் என்று இருக்கிறோம். களத்தின் ஓரத்தில் பழைய போர்வெல் ஒன்றும் செப்டிக் டேங்க் மூடியும் இருக்கின்றன. (வாசகர், மறைமலை நகர்)

மாடிச் சுவர் களத்தின் பின்கோட்டுக்குப் பின்னால் இருந்தால் அங்கே விளக்கு வேண்டாம். எதிரே நிற்பவர் மேலே பார்க்கும் ஒவ்வொரு முறையும் கண் கூசி, இறகுப்பந்து முகத்தில் வந்து விழும். வலைக்கு நேராக இரு பக்கவாட்டிலும் 18 அடிக் கம்பத்தில், வெளிச்சம் கீழ்நோக்கி விழும்படி மாட்டினால் உங்களுக்கும் கூசாது, பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குள்ளும் அடிக்காது. மழை நீர் புகாத ஐ.பி. 65 வகை விளக்கு, குழாய்க்குள் புதைத்த ஒயர், இரும்புக் கம்பத்துக்கு எர்த், அந்த இணைப்புக்கென்று, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் சுவிட்சைப் போடாதீர்கள்.

போர்வெல்லைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத போர்வெல்லில் விழுந்து குழந்தை சுஜித் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பயன்படாத போர்வெல் என்றால் அடி வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்பிவிட்டு, மேலே கான்கிரீட் போட்டு மூட வேண்டும். சாக்கைக் கட்டி வைப்பதும், கடப்பைக் கல்லை வைத்து மறைப்பதும் மூடியதாகாது. செப்டிக் டேங்கின் மேல் ஆடுகளம் வரவே கூடாது. அதன் மூடிப் பலகை ஓடிக் குதிக்கும் கால்களுக்காகப் போடப்பட்டது அன்று, கழிவு அள்ளும் வண்டிக்கும் வழி வேண்டும். மூடியைச் சுற்றி மூன்றடி விட்டு இடுப்பளவு கம்பிவேலி போட்டுவிட்டு, மிஞ்சும் இடத்தின் அளவை எழுதி அனுப்புங்கள். எந்த ஆட்டத்துக்குப் போதும் என்று அப்போது பார்க்கலாம்.