பெரிய வேர்டு கோப்பில் திரை வாசிப்பான் திணறினால்: கேள்வி பதில்

நூறு பக்கத்தைத் தாண்டிய வேர்டு கோப்புகளில் பார்வையற்றோருக்குத் திரையைக் குரலில் படிக்கும் என்விடிஏ, ஜாஸ் மென்பொருள்கள் தடுமாறுவது பற்றி மொரீஷியஸின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. இங்கே சொல்லும் ஆல்ட் விசை வரிசைகள் ஆங்கில வேர்டுக்கானவை. நம் ஊரில் பலரிடம் பிரெஞ்சு வேர்டு இருக்கிறது. அதில் எழுத்துகள் மாறும். உதாரணமாக, அங்கே கன்ட்ரோல் ஜி அழுத்தினால் பக்கம் தாவாது, எழுத்து தடித்துவிடும். பக்கம் தாவ எஃப்5 போதும், அது இரண்டிலும் ஒன்றே. என்விடிஏ விசை என்றால் இன்சர்ட். மடிக்கணினி அமைப்பில் கேப்ஸ் லாக்கையும் வைத்துக்கொள்ளலாம்.

ரோஸ் ஹில், கோவில் சங்கச் செயலாளர்: பத்து ஆண்டுக் கூட்டக் குறிப்புகள் எல்லாம் ஒரே கோப்பில், 340 பக்கம். கீழ் அம்பை அழுத்தினால் இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் வரி கேட்கிறது. கணினி புதிது, 16 ஜிபி நினைவகம். நோட்பேடில் எல்லாம் பறக்கிறது. வேறு கணினி வாங்க வேண்டுமா?

வேண்டாம் அய்யா. நோட்பேடில் வரியில் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. வேர்டில் ஒவ்வொரு வரிக்கும் என்விடிஏ பல கேள்விகள் கேட்கிறது: இது எந்தப் பக்கம், தலைப்பா, பட்டியலா, எழுத்துப்பிழை உண்டா, குறிப்புரை உண்டா, யாராவது திருத்தினார்களா, எந்த மொழி? அத்தனைக்கும் வேர்டு பதில் சொன்ன பிறகுதான் குரல் வரும். இதில் ‘எந்தப் பக்கம்’ என்பது கனமான கேள்வி. அதற்கு வேர்டு அதுவரையுள்ள பக்கங்களை அடுக்கி முடித்திருக்க வேண்டும். 340 பக்கத்தில் அது சும்மா நடக்காது. ஆகவே முதலில் கேள்விகளைக் குறையுங்கள்.

வேர்டுக்குள் இருந்தபடி என்விடிஏ + கன்ட்ரோல் + டி அழுத்துங்கள். டாக்குமென்ட் ஃபார்மேட்டிங் அமைப்புகள் திறக்கும். பேஜ் நம்பர்ஸ், ஸ்பெல்லிங் எரர்ஸ், எடிட்டர் ரிவிஷன்ஸ், கமென்ட்ஸ், ஸ்டைல், கலர்ஸ் இவற்றை அணையுங்கள். ஹெடிங்ஸும் லிஸ்ட்ஸும் இருக்கட்டும். அவை இல்லாமல் 340 பக்கத்தில் திசை தெரியாது. பட்டியலின் கடைசியில் ‘ரிப்போர்ட் ஃபார்மேட்டிங் சேஞ்சஸ் ஆஃப்டர் தி கர்சர்’ என்று ஒன்று உண்டு. யாரோ சொல்லி எப்போதோ குறியிட்டிருப்பீர்கள். அது வரியின் கடைசி எழுத்து வரை வடிவ மாற்றங்களைத் தேடும். வேகம் குறையலாம் என்று என்விடிஏயின் கையேடே எச்சரிக்கிறது. அதையும் எடுத்துவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே இருபது வரிகளைக் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அணைத்தால் குற்றவாளி யாரென்று தெரியாமலே போகும். பிடித்திருந்தால் என்விடிஏ + கன்ட்ரோல் + சி சேமிக்கும். குழப்பிவிட்டால் என்விடிஏ + கன்ட்ரோல் + ஆர் ஒரு முறை. கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பிவிடும். (மூன்று முறை அழுத்திவிடாதீர்கள், எல்லாமே ஆலை அமைப்புக்குப் போய்விடும்.)

இவ்வளவு செய்தும் இழுத்தால் ஒரு சோதனை. கோப்பு முழுவதையும் நகலெடுத்து, புதிய கோப்பில் வெறும் உரையாக ஒட்டுங்கள்: கன்ட்ரோல் + ஆல்ட் + வி, பிறகு அன்ஃபார்மேட்டட் டெக்ஸ்ட். அது வேகமாக ஓடினால் நோய் வடிவமைப்பில். அதுவும் இழுத்தால் நீளத்தில்.

கத்ர் போர்ன், தமிழ் ஆசிரியை: நான் வினாத்தாள் சரிபார்க்கிறேன். தடித்த எழுத்து, அடிக்கோடு எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அணைத்தால் வேலை நடக்காதே?

நிரந்தரமாக அணைக்க வேண்டியதில்லை அம்மா. என்விடிஏ + கன்ட்ரோல் + பி அழுத்தினால் வரும் ப்ரொஃபைல் (தனி அமைப்புத் தொகுப்பு) சாளரத்தில் ‘நியூ’ தேர்ந்தெடுங்கள். எதற்குப் பயன்படும் என்று கேட்கும் இடத்தில் ‘சே ஆல்’ என்று ஒரு தேர்வு உண்டு. அதிகம் பேர் அதைக் கவனிப்பதில்லை. அதில் வடிவமைப்பு அறிவிப்புகளை எல்லாம் அணைத்து வைத்தால், தொடர்ந்து படிக்கும்போது மட்டும் அவை அடங்கும். அம்பு விசையில் நீங்களே நகரும்போது திரும்ப வரும். ஐயம் வரும் இடத்தில் என்விடிஏ + எஃப் அந்த இடத்தின் எழுத்துருவையும் தடிமனையும் சொல்லும். இரண்டு முறை அழுத்தினால் தனிச் சாளரத்தில் நிதானமாகப் படிக்கலாம்.

ரெதுயி, பல்கலைக்கழக மாணவர்: டிராஃப்ட் வியூவுக்குப் போகச் சொல்கிறார்கள். கன்ட்ரோல் + ஆல்ட் + என் அழுத்தினால் என்விடிஏதான் மறுபடி தொடங்குகிறது.

அந்த விசையை என்விடிஏ தன் குறுக்குவழியாக எடுத்துக்கொண்டது. ஆல்ட், டபிள்யூ, ஈ என்று ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துங்கள். பழையபடி திரும்ப ஆல்ட், டபிள்யூ, பி.

டிராஃப்டில் வேர்டு பக்கத்தின் உருவத்தை வரைவதில்லை, அதனால் இலகுவாக இருக்கும். அங்கே போன பிறகு ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், ஜெனரல் பகுதியில் ‘எனேபிள் பேக்ரவுண்ட் ரீபேஜினேஷன்’ என்பதை அணையுங்கள். பிரின்ட் லேஅவுட்டில் இருந்துகொண்டு தேடினால் அது மங்கிக் கிடக்கும், மாற்ற முடியாது. அதனால்தான் பலர் ‘எனக்கு அந்தத் தேர்வே இல்லை’ என்கிறார்கள். இதற்கு ஒரு விலை உண்டு: டிராஃப்டில் டெக்ஸ்ட் பாக்ஸ், மேற்குறிப்பு, மிதக்கும் படங்கள் காட்டப்படாது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் பிரின்ட் லேஅவுட்டில் ஒரு முறை முழுதாகப் பாருங்கள்.

போர்ட் லூயி, அலுவலக எழுத்தர்: எங்கள் அறிக்கைகளில் ஒரே பக்கத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு, க்ரியோல், நடுவில் தமிழ். குரல் மாறி மாறித் திக்குகிறது.

நம் தீவுக்கே உரிய தொல்லை இது. இங்கே இரண்டு சிக்கல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன.

முதலாவது குரல். என்விடிஏ + கன்ட்ரோல் + வி அழுத்தினால் வரும் ஸ்பீச் அமைப்பில் ‘ஆட்டோமேட்டிக் லாங்குவேஜ் ஸ்விட்ச்சிங்’ இயங்கினால், கோப்பில் எங்கே மொழிக்குறி மாறுகிறதோ அங்கே வரி துண்டாகும். விண்டோஸ் ஒன்கோர் குரல்களில் ஒரு குரலை விட்டு இன்னொன்றுக்குப் போகும் இடைவெளி காதுக்கே தெரியும். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் குரல் ஒரே இயந்திரத்துக்குள் மொழியை மாற்றிக்கொள்வதால் அவ்வளவு தேங்காது. தமிழும் பிரெஞ்சும் அதில் உண்டு. அதன் குரல் தகரம்போல ஒலிக்கும், உண்மைதான். ஆனால் நீண்ட கோப்பில் இனிமையைவிட உடனடிப் பதில் முக்கியம். வேலைக்கு ஈஸ்பீக், கதை கேட்க ஒன்கோரின் தமிழ்க் குரலான வள்ளுவர் என்று பிரித்துக்கொள்ளலாம். என்விடிஏ + கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் மாற்றும் சாளரம் வரும்.

இரண்டாவது பிழைத்திருத்தி. பிரெஞ்சுப் பத்திக்கு ஆங்கிலம் என்று மொழிக்குறி இருந்தால் ஏறக்குறைய எல்லாச் சொல்லும் பிழையாகும். க்ரியோலுக்கு எந்தக் குறி போட்டாலும் அதே கதை. வேர்டு விடாமல் சிவப்புக் கோடு போடும், என்விடிஏ அத்தனையையும் அறிவிக்கும். ஒரு கட்டத்தில் வேர்டே சலித்து, பிழைகள் மிக அதிகம், இனிக் காட்டமாட்டேன் என்று செய்தி போட்டுவிடும். பிரெஞ்சுப் பத்திகளைத் தேர்ந்து ஆல்ட், ஆர், யூ, எல் வழியே பிரெஞ்சு என்று குறியிடுங்கள். க்ரியோல் பத்திகளுக்கு அதே சாளரத்தில் ‘டு நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்’. ‘டிடெக்ட் லாங்குவேஜ் ஆட்டோமேட்டிக்கலி’ குறியை எடுத்துவிடுங்கள். பிரெஞ்சுக்கும் க்ரியோலுக்கும் நடுவே அது தடுமாறும். நேரம் இல்லையென்றால் ஆப்ஷன்ஸில் புரூஃபிங் பகுதிக்குப் போய் ‘செக் ஸ்பெல்லிங் அஸ் யூ டைப்’ அணைத்துவிட்டு, முடிவில் எஃப்7 போட்டுச் சரிபாருங்கள்.

மாயெபூர்: இந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் கோப்பைத் திறந்தால் ‘ஜே கே பீ ஓ செமிகோலன்’ என்று படிக்கிறது. என்விடிஏ கெட்டுவிட்டதா?

இல்லை, அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றும் நிரலுக்குள் கொட்டினால் அதிலுள்ள நிஜ ஆங்கிலச் சொற்களும் குதறப்பட்டுத் தமிழாகிவிடும். எந்தப் பத்தி எந்த எழுத்துரு என்று என்விடிஏ + எஃப் சொல்லும். பாமினிப் பத்திகளை மட்டும் தனியே எடுத்து மாற்றுங்கள்.

வாக்வா: உறுப்பினர் பட்டியல் 600 வரிசை உள்ள ஒரே அட்டவணை. உள்ளே போனால் கணினியே உறைந்துவிடுகிறது.

அட்டவணையில் ‘உள்ளடக்கத்துக்கு ஏற்ப அகலத்தை மாற்று’ என்ற அமைப்பு இயங்குகிறது என்று நினைக்கிறேன். அது இருந்தால் அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் எழுத்து சேரும்போது நெடுவரிசைகளின் அகலத்தையே வேர்டு மறுபடி கணக்கிடும். அட்டவணைக்குள் ஷிஃப்ட் + எஃப்10, டேபிள் ப்ராபர்டீஸ், டேபிள் தாவலில் ஆப்ஷன்ஸ். அங்கே ‘ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்’ குறியை எடுங்கள். என்விடிஏயில் செல் கோஆர்டினேட்ஸ் அணையட்டும். பிறகும் கனத்தால் ஐம்பது வரிசைக்கு ஒரு முறை கன்ட்ரோல் + ஷிஃப்ட் + என்டர் அட்டவணையைப் பிரிக்கும். வெளிப்படையாகச் சொன்னால் 600 பெயர் இருக்க வேண்டிய இடம் எக்செல்.

மோக்கா, ஆய்வு மாணவி: வழிகாட்டி திருத்தி அனுப்பிய பிறகுதான் கோப்பு நத்தையானது. ‘நோ மார்க்கப்’ வைத்தும் பயனில்லை.

நோ மார்க்கப் திருத்தங்களை மறைக்கும், நீக்காது. அடித்த சொல்லும் சேர்த்த சொல்லும் கோப்பில் அப்படியே கிடக்கின்றன. மூலத்தை வேறு பெயரில் எஃப்12 வழியே சேமித்துவிட்டு, ஓர் அத்தியாயம் பார்த்து முடிந்ததும் அதைத் தேர்ந்து ரிவியூ தாவலில் அக்செப்ட் கொடுத்துக்கொண்டே போங்கள். என்விடிஏயில் கமென்ட்ஸ் அறிவிப்பை அணைத்தாலும் இழப்பில்லை. என்விடிஏ + ஆல்ட் + சி அந்த இடத்துக் குறிப்புரையைப் படிக்கும், என்விடிஏ + எஃப்7 சாளரத்தில் அனோடேஷன்ஸ் தேர்ந்தால் எல்லாம் வரிசையாக வரும்.

கியூர்பிப்: யூஐ ஆட்டோமேஷனை ‘ஆல்வேஸ்’ என்று வைத்தால் வேகம் கூடும் என்றார் ஒருவர். சரியா?

சிலருக்குச் சரி, எல்லோருக்கும் இல்லை. வேர்டிடம் கேட்க என்விடிஏக்கு இரண்டு வாசல்: பழைய ஆப்ஜெக்ட் மாடல், புதிய யூஐ ஆட்டோமேஷன். இயல்பு அமைப்பான ‘வேர் சூட்டபிள்’, வேர்டு பதிப்பு 16.0.15000 அல்லது அதற்கு மேல் என்றால் புதிய வாசலில் போகும். உங்கள் வேர்டு பழசாக இருந்து நீங்கள் ஆல்வேஸ் போட்டால், அரைகுறையாகக் கட்டிய வாசலில் நுழைகிறீர்கள்; சில விவரங்கள் கிடைக்காமல் போகலாம். புதிய வேர்டிலும் இழுத்தால் எதிர்ப்பக்கமாக ‘ஒன்லி வென் நெசசரி’ போட்டுப் பாருங்கள். என்விடிஏ அமைப்புகளின் அட்வான்ஸ்ட் பகுதியில், எச்சரிக்கைக்குக் குறியிட்ட பிறகுதான் இது திறக்கும். மாற்றியதும் என்விடிஏ, வேர்டு இரண்டையும் மூடித் திறந்து சோதியுங்கள்.

போ பாசான்: கோப்பைப் பிரித்தால் நல்லதா? பல துணைக் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் மாஸ்டர் டாக்குமென்ட் பற்றிப் படித்தேன்.

பிரியுங்கள், ஆனால் மாஸ்டர் டாக்குமென்ட் பக்கம் போகாதீர்கள். துணைக் கோப்பை இடம் மாற்றினாலோ பெயர் மாற்றினாலோ இணைப்பு அறும். கோப்பு சிதைவதும் அதில் பழைய புகார். 01, 02 என்று எண்ணிட்ட அத்தியாயக் கோப்புகள் போதும், ஒவ்வொன்றும் 60, 80 பக்கத்துக்குள். முடிவில் வெற்றுக் கோப்பில் ஆல்ட், என், ஜே, எஃப் வழியே ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து, பிறகு பொருளடக்கம் போடுங்கள். விட்ட இடத்துக்குத் திரும்ப ஷிஃப்ட் + எஃப்5. கோப்பை மூடித் திறந்த பின்னும் வேலை செய்யும்.

கூட்லன்ட்ஸ், ஜாஸ் பயன்படுத்துபவர்: இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

வேர்டு பக்கத்து வேலை அத்தனையும் அப்படியே பொருந்தும். ஜாஸ் பக்கத்தில் வேர்டுக்குள் இன்சர்ட் + வி அழுத்தி, மொழி கண்டறிதல், பிழை, திருத்தம் தொடர்பான அறிவிப்புகளை அணையுங்கள்.

ரோஸ் ஹில் செயலாளர், மீண்டும்: பக்க எண்ணை அணைத்ததும் பாதி வேகம் வந்துவிட்டது. ஆனால் சில நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாமே நின்று போகிறது.

ஒழுங்கான இடைவெளியில் நிற்கிறது என்றால் சேமிப்புதான். கோப்பு பென்டிரைவில் இருந்தால் வன்தட்டுக்கு நகலெடுத்து வேலை செய்யுங்கள். ஒன்டிரைவில் இருந்தால் ஆட்டோசேவை அணைத்து கன்ட்ரோல் + எஸ் பழகுங்கள். தலைப்புப் பட்டையில் ‘காம்பாட்டிபிலிட்டி மோட்’ என்று கேட்டால் அது பழைய வேர்டு வடிவத்தில் உள்ள கோப்பு. ஃபைல், இன்ஃபோ, கன்வர்ட். அப்படியும் நின்றால் விண்டோஸ் + ஆர் அழுத்தி வின்வேர்டு என்ற நிரலின் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ‘சேஃப்’ என்ற சொல்லும் சேர்த்து இயக்குங்கள். அதில் சீராக ஓடினால், வேர்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு ஆட்-இன் (துணை நிரல்) காரணமாக இருக்கலாம். ஆப்ஷன்ஸில் ஆட்-இன்ஸ் பகுதியில் ஒவ்வொன்றாக அணையுங்கள். என்விடிஏயின் பொது அமைப்பில் லாகிங் லெவல் ‘டீபக்’கில் இருக்கிறதா என்றும் பாருங்கள், எப்போதோ ஒரு பிழையைத் தேட வைத்துவிட்டு மறந்திருக்கலாம். அதை ‘இன்ஃபோ’வுக்கு மாற்றிவிடுங்கள்.