'சுத்த உல்லன்' என்று விற்ற நூலில் அம்மாவுக்குச் செருப்புப் பின்னலாமா?

கேள்வி: நாங்கள் கோத்தகிரியில் வசிக்கிறோம். எழுபது வயதைத் தாண்டிய என் தாயார், சிவப்பு சிமென்ட் தரையில் நடந்தால் பாதம் விறைத்துப் போகிறது என்கிறார். குரோஷா ஊசியில் மேசை விரிப்புகள் பின்னிய பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே வீட்டுக்குள் அணியும் செருப்பு ஒன்றை அவருக்குப் பின்ன எண்ணி, கடைக்காரர் 'சுத்த உல்லன்' என்று சொன்ன நூலில் நான்கு உருண்டைகள் வாங்கினேன். வீட்டில் ஒன்றைப் பிரித்தபோதுதான் காகிதப் பட்டையின் உட்பக்கத்தில் '100% அக்ரிலிக்' என்று சிறிய எழுத்தில் இருந்ததைக் கண்டேன். திருப்பிக் கொடுப்பதா, இதிலேயே பின்னுவதா?

பதில்: நம் கடைகளில் 'உல்லன்' என்பது பெரும்பாலும் நூலின் தோற்றத்தைக் குறிக்கும் சொல்லாகவே வழங்குகிறது, ஆட்டு ரோமம், அக்ரிலிக் என்ற செயற்கை இழை ஆகிய இரண்டுக்கும் அதே பெயர்தான். ஆனாலும் 'சுத்த' என்ற சொல்லைச் சேர்த்து வேறொன்றை விற்பது தவறு. பொருளின் தன்மையைப் பொய்யாகக் கூறி விற்பதும், பில் தராமலிருப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கைகளாகும். உங்கள் பில்லில் 'உல்லன்' என்று எழுதியிருந்தால், பிரிக்காத மூன்று உருண்டைகளோடும் பிரித்ததன் பட்டையோடும் சென்று கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பில்லே வாங்கவில்லையென்றால், கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னதை மெய்ப்பிப்பது கடினம்.

பட்டை கிழிந்துபோன நூலை வாங்க நேர்ந்தால், விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். ரோமம் தலைமுடி கருகும் வாடையோடு மெதுவாக எரிந்து, நெருப்பை விலக்கினால் அணைந்துவிடும்; மிஞ்சும் சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியபின் நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகும்.

இந்தச் சோதனையிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை இருக்கிறது. தாயார் கரிக் கணப்பின் அருகே கால் நீட்டி அமர்பவரானால் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். தீப்பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கணப்புப் பழக்கம் இல்லையென்றால், வாரந்தோறும் துவைக்க வேண்டிய செருப்புக்கு அக்ரிலிக் மோசமான தேர்வு அல்ல. ரோம நூல் ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கதகதப்பைக் காக்கும் என்றாலும், வெந்நீரில் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுருங்கிவிடும். பிறகு அதை விரிக்க வழியில்லை.

மேசை விரிப்பில் அழகாக இருக்கும் இடைவெளி செருப்பில் குளிரை உள்ளே விடும். ஆகவே பட்டையில் 4 மி.மீ. ஊசி என்று குறித்த நூலானால், அதை இரட்டை இழையாக எடுத்து, 5 மி.மீ. ஊசியில் சிங்கிள் குரோஷாவாக நெருக்கிப் பின்னுங்கள். ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 கிராம் பிடிக்கும். நூல் போதாமல் மேலும் வாங்க நேர்ந்தால், பட்டையில் உள்ள லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். இல்லையென்றால் ஒரே நிறப் பெயரிலும் சாயல் மாறும். அணிய அணிய நூல் தளரும் என்பதால், பாத நீளத்தைவிட 1 செ.மீ. குறைவாகவே பின்ன வேண்டும்.

எனக்கு நூலைவிட அடிப்பாகமே கவலை தருகிறது. மெழுகிட்டுத் தேய்த்த சிவப்புத் தரையில் வெறும் நூல் செருப்பு வழுக்கும். அந்த வயதில் ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். செருப்புத் தைப்பவரிடம் பின்னலை எடுத்துச் சென்று, சொரசொரப்பான மெல்லிய ரப்பர் தகட்டை விளிம்பு முழுதும் தைத்து வாங்குங்கள். பசையால் மட்டும் ஒட்டினால் துவைக்கும்போது பிரிந்துவிடும். தாயாருக்குச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால், முடிச்சு ஒன்றுகூட உள்பக்கம் உறுத்தாதபடி கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே அணியக் கொடுங்கள்.