பந்தயக் காருக்குள் பொருத்திய தீயணைப்புப் போத்தலைக் கொழும்பிலேயே நிரப்பி, திரும்பச் சான்று எடுக்கலாமா?

உங்களுடையது ஃபோம் வகை, ஸ்டிக்கரில் உள்ள திகதி முடிந்துவிட்டது, கட்டுக்குருந்தைப் பந்தயமோ தியத்தலாவைப் பந்தயமோ நெருங்கி வருகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நிரப்பலாம். சான்று கிடைக்காது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏயின் விதிப்படி (பின்னிணைப்பு ஜே, பிரிவு 253) நிரப்பிய அல்லது கடைசியாகச் சோதித்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் சோதனை நடக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியது தயாரித்த நிறுவனமோ அதன் அங்கீகாரம் பெற்ற இடமோதான். போத்தல், மருந்து (தீயை அணைக்கும் கலவை), குழாய், அதைப் பீய்ச்சும் நொசில் நான்கையும் ஒரே தொகுதியாகச் சோதித்துத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கட்டடங்களுக்குச் சிவப்புச் சிலிண்டர் நிரப்புகிறவர் ஊற்றும் ஃபோம் தரமானதாகவே இருக்கலாம், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கலவை உங்கள் நொசிலில் எப்படிப் பீய்ச்சும் என்று யாரும் பார்த்ததில்லை. போத்தலுக்குப் பெயின்ற் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே திறந்தே பார்க்காமல் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பந்தயப் பரிசோதகர் ஸ்டிக்கரை மட்டும் பார்த்துவிட்டுப் போவதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. றிம்முக்கு இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு இதில் பேரம் பேசுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல!

கழற்றும்போது ஒழுங்கு முக்கியம். சுவிட்சை ஓஃப் நிலைக்குக் கொண்டுவந்து, 9 வோல்ற் பற்றரியை எடுத்து, போத்தல் தலையிலுள்ள வயர் இணைப்பைப் பிரியுங்கள். மின்சாரமின்றிக் கேபிளை இழுத்து இயக்கும் வகையென்றால் முதலில் பூட்டுப் பின்னைப் போடுங்கள். குழாயைக் கடைசியாகவே கழற்ற வேண்டும். குழாய் இல்லாத போத்தல் தவறி வெடித்து இயங்கினால் கராஜுக்குள் பாய்ந்து திரியும். போத்தலை மின்சாரத்தால் திறக்கும் இயக்கியின் முனைகளில் மல்ற்றிமீற்றரை வைக்கவே வேண்டாம். ஓம் அளக்க அது அனுப்பும் சிறு மின்னோட்டமே சில வகைகளை இயக்கிவிடக்கூடும்.

போத்தல் நிறைந்திருக்கிறதா என்று பார்க்கத் தராசை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். ஃபோம் போத்தலில் மருந்தைத் தள்ளுவது நைதரசன் என்றால், மருந்துக்கு மேலுள்ள 1 லீற்றர் இடத்தில் 14 பார் அழுத்தத்தில் இருப்பது ஏறத்தாழ 16 கிராம்தான். அது முழுக்கக் கசிந்தாலும் ஆள் எடை பார்க்கும் தராசு காட்டாது. எனவே ஃபோமுக்கு அழுத்தமானியையும் பாருங்கள். வெயிலில் நின்ற காரில் முள் அதிகமாகக் காட்டும், காலையில் நிழலில் வாசியுங்கள். நோவெக் போன்ற, ஆவியாகித் தீயை அணைக்கும் மருந்துகளுக்கு எடை, அழுத்தம் இரண்டும் வேண்டும்.

போத்தல் போய் வரும்வரை மிச்ச வேலை உங்களுடையது. நொசில்களைக் கழற்றிவிட்டு, போத்தல் பக்கமிருந்து குழாய்க்குள் காற்றடியுங்கள். நம் ஊரில் குளவி மண் வைத்து அடைத்துவிடும். ஒருமுறை இயங்கிய தொகுதியென்றால் நுரை நிற்கும்வரை தண்ணீர் விட்டு, பிறகு காற்றால் உலர்த்துங்கள். காய்ந்த ஃபோம் பசைபோல் பிடித்துக்கொள்ளும். குழாயைக் கையால் வளைத்தால் தட்டையாகும், வளைக்கும் கருவி பிடியுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எந்தக் குழாய் வாங்கினாலும் உலோகமும் விட்டமும் பழையதுபோலவே இருக்க வேண்டும். நொசில் துளையைப் பெருப்பிக்கக் கூடாது, எண்ணிக்கையையும் மாற்றக் கூடாது. கடற்காற்றில் இணைப்பு ஊசிகள் பச்சை பூக்கும், துடைத்துப் பாருங்கள். போத்தலைப் பிடிக்கும் உலோகப் பட்டிகள் 25 ஜி (புவியீர்ப்பின் 25 மடங்கு) வரை தாங்க வேண்டும், போல்ற்றுகளில் துரு கண்டால் மாற்றுங்கள்.

போத்தலைத் தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்புவதில்தான் செலவு. அழுத்தம் உள்ள தீயணைப்புப் போத்தலுக்குச் சரக்குப் போக்குவரத்தில் ஐ.நா. இலக்கம் யூஎன் 1044, வகுப்பு 2.2, அதாவது ஆபத்தான சரக்கு. பயணப் பெட்டிக்குள் ஒளித்து அனுப்பலாம் என்று சொல்கிற முகவரிடம் கொடுக்க வேண்டாம். போக வர ஆகும் செலவையும் புதுப் போத்தல் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிது வாங்கினால் அதே பாக இலக்கமாக இருக்கட்டும், பட்டியும் குழாயும் பழையதே போதும்.

திரும்பப் பொருத்தும்போது பட்டி, குழாய், பிறகு புதிய அல்கலைன் பற்றரி. ரீசார்ஜ் பற்றரி சும்மா இருந்தே இறங்கிவிடும். சுவிட்சைச் சோதனை நிலையில் வைத்து, உள்ளேயுள்ள பொத்தானையும் வெளியே வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பு ‘ஈ’ எழுத்து ஒட்டிய பொத்தானையும் தனித்தனியாக அழுத்துங்கள். இரண்டுக்கும் விளக்கு எரிந்தால் சுவிட்சை ஓஃப் செய்துவிட்டு, போத்தல் வயரைக் கடைசியாக இணையுங்கள்.