ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தங்கள் உள்ள சொல் எது? அன்றாடப் பேச்சில் அது எப்படியெல்லாம் வருகிறது?

என்னைக் கேட்டால் "செட்". ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த ஒரு சொல்லுக்கு 430 பொருள் கொடுத்திருந்தார்கள். அந்தப் பகுதி மட்டும் சுமார் 60,000 சொற்கள், ஒரு நாவல் அளவு. பிறகு மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது "ரன்" முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள் என்று 2011-இல் செய்தி வந்தது. மெஷின், கம்ப்யூட்டர், கம்பெனி, தேர்தல் என்று எல்லாவற்றிலும் "ரன்" புகுந்துவிட்டதே, முந்தாமல் என்ன செய்யும்? இருந்தாலும் என் ஓட்டு செட்டுக்குத்தான். பெங்களூருக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. இந்தச் சொல்லைக் கேட்காத நாள் கிடையாது.

போன மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தர்ஷினி இருக்கிறது, நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல். அங்கே செட் தோசை வாங்கிக் கொடுத்தேன்.

"செட்டுன்னா எத்தனைடா?"

"மூணும்மா."

"மூணும் ஒரே அளவா இருக்கு, இது என்னடா செட்டு? பாத்திர செட்டுன்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும்."

அவல் சேர்த்து அரைத்த மாவு, தோசை பஞ்சு மாதிரி இருந்தது. சாகு என்கிற காய்கறிக் குருமாவில் தோய்த்து இரண்டு வாய் சாப்பிட்டவர், பல் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதுக்கு அது வேண்டாம்."

தோசை செட், பாத்திர செட், பல் செட், ஊரில் நாம் குளித்த பம்ப்செட் எல்லாம் ஒரு வம்சம். பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் "செக்டா"விலிருந்து வந்தது. ஒருவரைப் பின்பற்றிப் போகும் கூட்டம் என்று அர்த்தம். மதப் பிரிவைச் சொல்லும் "செக்ட்" இதன் உடன்பிறப்பு. "அவன் எங்க செட்டு, ஒண்ணாப் படிச்சோம்" என்கிறோமே, அதுதான் அந்தப் பழைய பொருளுக்கு ரொம்பக் கிட்டே இருப்பது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் "கண மொழி" என்று படித்த கணமும் ஆங்கிலத்தில் செட்தான்.

வினைச்சொல்லாக வரும் செட்டுக்குப் பூர்வீகமே வேறு. "சிட்" என்றால் உட்கார். அதன் பிறவினைதான் "செட்", உட்கார வை. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தோமே, இரு-இருத்து, நட-நடத்து, அதே கதைதான். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட ஜோடிகள் கொஞ்சம்தான் மிச்சம். ஃபால்-ஃபெல் இன்னொன்று: மரம் வீழ்ந்தது, மரத்தை வீழ்த்தினான்.

"இருத்து" என்று மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், பாதி அர்த்தங்கள் தானாக வந்து விழும். மோதிரத்தில் கல் பதிப்பது, அலாரம் வைப்பது, தேதி குறிப்பது, அந்தக் காலத்தில் அச்சுக் கோத்தது, நழுவிய எலும்பை அதன் இடத்தில் வைத்துப் புத்தூர் கட்டுப் போடுவது, எல்லாமே ஏதோ ஒன்றை அதற்குரிய இடத்தில் இருத்துவதுதான். தீ வைப்பதும் செட்தான். அதை எப்படி இதில் சேர்ப்பது என்று கேட்காதீர்கள்.

தானாக இருந்த இடத்தில் கெட்டியாகிவிடுவதற்கும், சூரியன் மறைவதற்கும்கூட ஆங்கிலத்தில் அதே சொல். இந்த இடத்தில் தமிழ் ரொம்ப நுணுக்கம். தயிர் உறையும், சிமென்ட் இறுகும், எலும்பு கூடும், பொழுது சாயும். ஆங்கிலத்தில் நான்குக்கும் செட். போன வருஷம் குளியலறையில் டைல்ஸ் ஒட்டிய திருவண்ணாமலை மேஸ்திரி இறுகட்டும் என்று சொல்லவில்லை, "செட் ஆவட்டும் சார், காலைல வரைக்கும் கால் வைக்காதீங்க" என்றுதான் சொன்னார். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் இறுகத் தொடங்க 30 நிமிடமாவது ஆக வேண்டும், 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. அதைக் கூகுளில் பார்த்துவிட்டு அவரிடம் வாதம் செய்து தோற்றேன்.

பின்னால் ஒரு ஒட்டு சேர்ந்தால் இன்னும் மோசம். "செட் ஆஃப்" என்றால் ஊருக்குக் கிளம்புவது, வெடியை வெடிக்க வைப்பது, கணக்கில் ஒன்றுக்கு ஒன்று ஈடுகட்டுவது, புடவை நிறத்தை நகை எடுத்துக்காட்டுவது. "செட் அசைட்" வீட்டில் என்றால் எடுத்து வைப்பது, கோர்ட்டில் என்றால் தீர்ப்பை ரத்து செய்வது. "செட்பேக்" என்றால் பின்னடைவு என்று படித்திருப்பீர்கள். பெங்களூரில் வீடு கட்டியவரைக் கேளுங்கள், சுற்றிலும் விட வேண்டிய காலி இடம் என்பார். விட வேண்டியது என்றுதான் சொன்னேன். எங்கள் படுக்கையறை ஜன்னலிலிருந்து கை நீட்டினால் பக்கத்து வீட்டுக் குக்கரை இறக்கிவிடலாம்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது நாமே செய்துகொண்ட "செட் ஆகாது". பொருந்தாது, ஒத்துவராது, பிடிக்கவில்லை, உடம்புக்கு ஆகாது, அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் சரிப்படாது, எல்லாம் இதில் அடக்கம். எங்கள் வீட்டு ஓனர் அம்மா கன்னடத்தில் "செட் ஆகல்ல" என்கிறார். இது ஆங்கிலம்தான் என்று நினைத்து நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். லண்டனில் இருக்கும் சக ஊழியருக்கு, "திஸ் டூல் வோன்ட் செட் ஃபார் அஸ்" என்று மெயில் போட்டேன். நமக்கு ஒத்துவராது என்று சொல்ல நினைத்தேன். மனுஷன் இரண்டு நாள் அந்த டூலின் செட்டிங்ஸ் பக்கத்தைக் குடைந்துவிட்டு, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு எது செட் ஆகவில்லை?" என்று ஸ்க்ரீன்ஷாட்டோடு கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்ன டூலை, அவர் உழைப்புக்கு மரியாதையாக இன்றைக்கும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

அம்மா பத்து நாள் இருப்பதாகத்தான் வந்தார். நாலாம் நாளே, "இந்தக் குளிரு எனக்கு செட் ஆகாதுப்பா" என்று டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். தோசை மட்டும் செட் ஆகியிருந்தது. ரயிலுக்கு இரண்டு செட் கட்டிக் கொடுத்தேன்.