மூலக்கூறின் அமைப்பை மட்டும் வைத்து ஒரு இரசாயனம் மீனைக் கொல்லுமா என்று சொல்ல முடியுமா?

முடியும், ஆனால் எல்லா இரசாயனத்துக்கும் ஒரே நம்பிக்கையோடு முடியாது. நான் வந்தாறுமூலையில் இரசாயனவியல் படித்தவன், ஊர் படுவான்கரை. எங்கள் வயல்களில் அடிக்கிற மருந்து மழையோடு வடிச்சல் வாய்க்காலில் இறங்கி மட்டக்களப்பு வாவிக்குத்தான் போகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுலபமான பகுதி. நீரில் கரைந்திருப்பது செவுள் வழியாக மீனுக்குள் போகிறது. கொழுப்பில் கரையும் மூலக்கூறு என்றால் அது நீரை விட்டுக் கலங்களின் மென்சவ்வுகளில் போய்ச் சேரும். போதிய அளவு சேர்ந்ததும் மீன் மயங்கி, பிறகு சாகும். இதற்கு விசேஷமான நச்சுக் கட்டமைப்பு எதுவும் தேவையில்லை. மயக்கும் வலிமையும் எண்ணெயில் கரையும் தன்மையும் சேர்ந்தே கூடுகின்றன என்பதை 1900ஆம் ஆண்டை ஒட்டி மேயர், ஓவர்டன் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியாகக் கண்டார்கள். அவர்கள் சோதித்தது வாற்பேத்தைகளில்.

இன்று எண்ணெய்க்குப் பதில் ஒக்டனோல் என்ற, எட்டுக் காபன் கொண்ட அற்ககோல். ஒரு பொருள் ஒக்டனோலுக்கும் நீருக்கும் இடையே எப்படிப் பிரிகிறது என்ற பங்கீட்டுக் குணகத்தை மூலக்கூறின் அமைப்பிலிருந்தே கணிக்கலாம். அதிலிருந்து 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் செறிவை, அதாவது எல்சி50ஐ, மதிப்பிடலாம். ஃபாத்ஹெட் மின்னோ என்ற சிறிய அமெரிக்க மீனுக்கு எதனோலின் எல்சி50 லீற்றருக்கு 14 கிராம் அளவில் இருக்கிறது. காபன் சங்கிலி ஆறு அணு நீண்டு ஒக்டனோல் ஆனால் அது சுமார் 13 மில்லிகிராமுக்கு இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் டுலூத் ஆய்வுகூடம் இந்த மீனிலேயே 600க்கும் அதிகமான சேர்வைகளைச் சோதித்தது. கணிப்பு மாதிரிகள் பல அந்தத் தரவின் மேல் நிற்கின்றன. இந்தக் கணிப்பைச் செய்கிற, அதே முகவரகத்தின் இகோசார் என்ற மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

சரி, சிக்கல் எங்கே? இந்தக் கணக்கு தருவது அடிமட்ட நச்சுத்தன்மை மட்டும், அதாவது மென்சவ்வில் சேர்வதால் மட்டும் வருகிற நச்சு. மூலக்கூறில் புரதத்தோடு போய்ப் பிணையும் அணுக்கூட்டம் இருந்தால் கதை மாறிவிடும். அக்ரோலீன் அப்படியான ஒன்று, கொழுப்பில் அதிகம் கரையாத சின்ன மூலக்கூறு. ஆனாலும் அடிமட்டக் கணக்கு சொல்வதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த செறிவிலேயே மீனைக் கொல்கிறது. அல்லைல் அற்ககோல் இன்னும் மோசமான ஏமாற்று: பார்க்கச் சாதாரண அற்ககோல், மீனின் உடலுக்குள் போனதும் அக்ரோலீனாக மாறுகிறது. அதனால் மூலக்கூறு எப்படி இருக்கிறது என்பதோடு, உடல் அதை என்னவாக மாற்றும் என்பதையும் கேட்க வேண்டும்.

வயல் மருந்துகளில் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான். குளோர்பைரிபொஸ் போன்ற பூச்சிகொல்லிகள் நரம்பு நொதியம் ஒன்றை முடக்கவும், பைரித்ரொயிட்டுகள் நரம்பின் சோடியம் வாயில்களைக் குழப்பவும் என்றே உருவாக்கப்பட்டவை. ஆகவே அந்த வகைகளுக்கென்று தனிச் சமன்பாடு வேண்டும். இகோசாரில் வகை பிரித்திருப்பதும் அதற்காகத்தான். உங்கள் சேர்வை எந்த வகையிலும் ஒழுங்காக விழவில்லை என்றால் வருகிற எண்ணை நம்பாதீர்கள். என் அபிப்பிராயம் இது: கணிப்பு 'நஞ்சு' என்றால் அதை எச்சரிக்கையாக எடுங்கள். 'பரவாயில்லை' என்றால், பூச்சிகொல்லி விஷயத்தில் அதைச் சான்றிதழாக எடுக்கவே கூடாது.

அப்புறம், போத்தலில் இருப்பது ஒரே மூலக்கூறு அல்ல. கிளைபொசேற் என்ற களைகொல்லியைத் தனியே கணித்தால் மீனுக்குப் பெரிய ஆபத்துத் தெரியாது. ஆனால் இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சில தயாரிப்புகளில் சேர்த்த பரப்பிழுவிசை குறைப்பிகள் கிளைபொசேற்றைவிடப் பல மடங்கு மீனைப் பாதித்ததைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. லேபிளில் முதலில் கண்ணில் படுகிற பெயரை மட்டும் மென்பொருளில் போட்டுப் பார்ப்பவருக்கு இது தெரியவே வராது. இந்தப் பொருட்களை லேபிளில் விபரமாக எழுத வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, வாவியில் மீன் செத்து மிதந்தால் உடனே மருந்தைச் சொல்லிவிட முடியாது. நீரில் ஒட்சிசன் குறைந்தாலும் அப்படித்தான் மிதக்கும். எந்தக் கணிப்பும் அதைப் பிரித்துக் காட்டாது, தண்ணீரை எடுத்து அளந்துதான் பார்க்க வேண்டும்.

வாவியை நம்பித் தொழில் செய்பவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். மீனுக்கான எண் இறாலுக்கும் நண்டுக்கும் பொருந்தாது. அவையும் பூச்சிகளும் கணுக்காலிகள். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிகொல்லி மீனுக்கு லீற்றருக்குப் பத்துக்கணக்கான மில்லிகிராம் தாண்டித்தான் உயிராபத்து ஆகிறது. மைசிட் என்ற இறால் போன்ற சிற்றுயிரை அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செறிவே கொன்றுவிடுகிறது. ஆகவே மீனுக்கான விடையைப் பார்த்ததோடு நிறுத்தாமல், கணுக்காலிகளுக்கான விடையையும் பாருங்கள்.