பதில்: ஐரோப்பிய ரப்பர் விதி தள்ளிப்போச்சே, தோட்டத்தை அளக்கணுமா?

அண்ணா, குலசேகரத்தில் 2 ஏக்கர் ரப்பர் இருக்கிறது, காடழித்த நிலத்தின் ரப்பரை ஐரோப்பாவில் விற்கக் கூடாது, விளைந்த இடத்தையும் காட்ட வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள், இனி அளக்க வேண்டாம் என்று வியாபாரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

தள்ளிப்போனது உண்மைதான். விதி அமலாகும் நாள் முதலில் 2024 டிசம்பர் 30, அப்புறம் 2025, இப்போது பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30. சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. ஆனால் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தின் ரப்பர் கூடாது என்ற அந்த நாள் மட்டும் நகரவே இல்லை. உங்கள் பழைய மரங்களை முறித்து மறுபடியும் ரப்பர் நட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது காடழிப்பு ஆகாது. பழைய தோட்டம் என்று காட்ட ஆதாரம் இருந்தால் நல்லது; பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

அளவும் பெரிய வேலை இல்லை. 4 ஹெக்டேருக்குள், அதாவது சுமார் 10 ஏக்கருக்குள் என்றால் எல்லை முழுக்க வரைய வேண்டியதில்லை, ஒரு ஜிபிஎஸ் புள்ளி போதும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமப் புள்ளிக்குப் பின் 6 இலக்கம் இருக்கட்டும். நானும் 2024இல் வியாபாரி பேச்சைக் கேட்டு விட்டுவிட்டேன், பிறகு வாங்குபவர் கேட்டபோது திணறினேன். மார்த்தாண்டத்தில் ரப்பர் வாரிய அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.