கொரோனா காலத்தில் கணைய அழற்சி வந்தவர்களுக்கு மருத்துவமனையில் சரியான சிகிச்சை கிடைத்ததா?

கிடைத்தது. நேரத்துக்குக் கிடைக்கவில்லை. என் பதில் இவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் படிக்கப் பொறுமை இருந்தால் மேலே படியுங்கள்.

இந்தக் கேள்வியை யாரும் பொழுது போகாமல் கேட்க மாட்டார்கள். வீட்டில் ஒருவர் படுத்த பிறகுதான் கணையம் என்று ஓர் உறுப்பு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியவரும். அதனால் உங்கள் வீட்டிலும் யாரோ அந்த இரண்டு வருடத்தில் அவதிப்பட்டிருக்கிறார்கள், சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார்களோ என்ற உறுத்தல் உங்களுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பள்ளியில் கணக்கு டீச்சர். என் தம்பிக்கு வந்ததால் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கமெண்ட்டில் "கூகுள் டாக்டர்" என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே வணக்கம்.

2021 மே. மாநிலம் முழுக்க 10ஆம் தேதியிலிருந்து ஊரடங்கு. 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்துக்கும் மேல் தொற்று. மாதக் கடைசியில் தினசரி எண்ணிக்கையில் எங்கள் கோவை சென்னையையே தாண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தம்பிக்கு மேல்வயிற்றில் வலி ஆரம்பித்தது. கேஸ் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மெடிக்கலில் கொடுத்த மாத்திரை வாந்தியோடு வெளியே வந்துவிட்டது. வலி முதுகுக்குப் பரவியது. மல்லாந்து படுக்க முடியவில்லை. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தேவலாம் என்றான். அந்த உட்காரும் விதமே இந்த நோயின் முக்கியமான அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. எப்போதும் பார்க்கும் டாக்டரின் கிளினிக் பூட்டிக் கிடந்தது.

விடிந்ததும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். முதல் ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி அந்தக் கருவியைப் பிடித்தார். காய்ச்சல் இருந்தது. "காய்ச்சல் இருந்தா அந்தப் பக்கம்ங்க. அங்க பெட்டு இல்லீங்க." வயிற்றுவலி என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குக் கொடுத்த உத்தரவு அது.

இரண்டாவது இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எங்கே? கொரோனா சந்தேக வார்டில். காய்ச்சல், வேகமான மூச்சு, ஆக்சிமீட்டரில் 93. அந்த மாதத்தில் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு யார் வந்தாலும் அவர் கொரோனாக்காரர்தான். கணையம் வீங்கினாலும் இதே மூன்றும் வரும் என்பதுதான் விஷயம். கணையத்தின் சாறு குடலில் போய்ச் செய்ய வேண்டிய வேலையைக் கணையத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். உடம்பு முழுக்க அழற்சி பரவிக் காய்ச்சல் அடிக்கும். நுரையீரலைச் சுற்றி, முக்கியமாக இடது பக்கம், நீர் கோக்கும். ஆக்சிஜன் இறங்கும். கிருமியே இல்லாமல் இத்தனையும் நடக்கும்.

ரத்தம் எடுத்தார்கள், மூக்கில் குச்சி விட்டார்கள். லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவு இயல்பின் உச்சத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்து, வலியும் அந்த மாதிரி வலியாக இருந்தால் கணைய அழற்சி என்று முடிவு செய்துவிடலாம், ஸ்கேன்கூட அவசியமில்லை. தம்பிக்கு அதையும் தாண்டி எங்கேயோ இருந்தது. ஆக, நோய் என்னவென்று அன்று மத்தியானமே தெரியும். ஆனால் காரணம் தெரிய வயிற்று அல்ட்ராசவுண்ட் வேண்டும். கொரோனா ரிசல்ட் வராமல் அந்த ஸ்கேன் அறைக்குள் விட மாட்டார்கள். நெஞ்சுக்கு சிடி உடனே எடுத்தார்கள், அதற்குத் தனி மிஷின் ஒதுக்கியிருந்தார்கள். வயிற்றுவலிக்காரனுக்கு நெஞ்சைப் படம் எடுத்துவிட்டு, "கொரோனான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்று ரிப்போர்ட் வந்தது.

சாயங்காலம் ட்யூட்டி டாக்டர் போனில் பேசினார். சின்ன வயசுதான் இருக்கும், குரலில் அவ்வளவு களைப்பு. "மேடம், கணையம்னா முதல் நாள் நல்லா டிரிப்ஸ் போகணும். கொரோனா நிமோனியான்னா தண்ணியைக் குறைக்கணும், இல்லைன்னா நுரையீரல் நனைஞ்சிடும். ரிசல்ட் வர்ற வரைக்கும் நாங்க நடுவுல நிக்கிறோம்." இவ்வளவு நேர்மையாக அந்த மாதத்தில் என்னிடம் வேறு யாரும் பேசவில்லை. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அவர் சொன்னதுதான்.

ஏனென்றால் இந்த நோய்க்கு மந்திர மருந்து எதுவும் கிடையாது. திரவம், வலி நிவாரணம், வாந்தி நின்றதும் சீக்கிரமாகச் சாப்பாடு, அப்புறம் கண்காணிப்பு. சுமார் 80 சதவீதம் பேர் இதிலேயே ஒரு வாரத்தில் எழுந்து நடந்துவிடுவார்கள். மீதிப் பேருக்குச் சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும். யார் எந்தப் பக்கம் போகப் போகிறார் என்பது முதல் ஒன்றிரண்டு நாளில் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். நாடித்துடிப்பு, சிறுநீர் அளவு, ரத்த யூரியா, இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து டிரிப்ஸைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதும் ஆபத்து. வேகமாக நிறைய ஏற்றுவதால் லாபமில்லை, உடம்பில் நீர் சேர்வதுதான் மிச்சம் என்று 2022இல் வாட்டர்ஃபால் என்ற ஆய்வு காட்டி, அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

அந்த வார்டில் இந்தக் கண்காணிப்பைச் செய்ய யார் இருந்தார்கள்? உறவினர் யாரும் உள்ளே போகக் கூடாது. சிஸ்டர்கள் அந்தக் கவச உடையை மாட்டிக்கொண்டு ஒருமுறை உள்ளே போனால் எல்லாப் படுக்கையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வெளியே வருவார்கள். வேர்வையில் குளித்திருப்பார்கள், நடுவில் தண்ணீர் குடிக்கக்கூட முடியாது. அடுத்த சுற்றுக்குள் டிரிப்ஸ் தீர்ந்து ரத்தம் குழாயில் ஏறினால் நோயாளியே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். டிரிப்ஸ் குழாயில் இருக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தை மூடத் தம்பி கற்றுக்கொண்டான். சிறுநீரை அளக்கவும் அவனேதான். லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, பிடித்து, போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவான். நான் நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்து, டாக்டர் போன் செய்யும்போது வாசிப்பேன். அவர் அதை வைத்துத்தான் டிரிப்ஸை மாற்றினார். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சிஸ்டர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர்களில் ஒருத்திதான் தன் சொந்த சார்ஜரை அவனுக்குக் கொடுத்தாள். அது இல்லையென்றால் அந்தப் போட்டோக்களே இல்லை.

ரிசல்ட் நெகட்டிவ். உடனே வேறு வார்டு, வேறு உலகம். அல்ட்ராசவுண்டில் பித்தப்பை நிறையப் பொடிக் கல். நான் இவ்வளவு சூடாக எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்: அதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி "குடிப்பாரா?" டாக்டர் கேட்பது நியாயம், மதுவும் பித்தக்கல்லும்தான் இந்த நோய்க்கு முதல் இரண்டு காரணங்கள். ஆனால் பில் கவுண்டரில் இருப்பவருக்கும், போனில் விசாரிக்கும் பெரியப்பாவுக்கும் அது எதற்கு? டாஸ்மாக் பூட்டியிருந்த மாதம் அது. "பூட்டியிருக்கும்போது எங்கம்மா வாங்கினான்?" என்று கேட்ட பெரியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கல்யாண வீட்டில் கொடுக்கும் பன்னீர் சோடாவைத் தாண்டாதவன் என் தம்பி.

உண்மையான அடி டிஸ்சார்ஜ் ஆகும்போது விழுந்தது. கல்லால் வந்த லேசான கணைய அழற்சி என்றால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது. நெதர்லாந்தில் பான்சோ என்ற ஆய்வு 2015இலேயே இதைச் சொல்லிவிட்டது. தள்ளிப்போட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குக் கல் சம்பந்தப்பட்ட சிக்கல் திரும்ப வந்தது, உடனே எடுத்தவர்களில் 5 சதவீதம்தான். எங்களிடம் சொன்னது: "இப்ப அவசர ஆபரேஷன் மட்டும்தான். நிலைமை சரியானதும் வாங்க." மயக்க மருந்து டாக்டர்கள் எல்லோரும் வென்டிலேட்டர் பக்கம் நின்றார்கள் என்பது எனக்கும் தெரியும். எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை இது. முதல் அலையின் உச்சத்தில் 12 வாரத்துக்குள் உலகம் முழுக்க சுமார் 2 கோடியே 80 லட்சம் ஆபரேஷன்கள் தள்ளிப்போகும் அல்லது ரத்தாகும் என்று கோவிட்சர்ஜ் என்ற மருத்துவர் கூட்டமைப்பு 2020இல் கணக்குப் போட்டிருந்தது. அந்தப் பெரிய எண்ணுக்குள் எங்களை மாதிரி எத்தனை வீடுகளோ. எண்ணெய், நெய், முட்டை மஞ்சள் எல்லாம் நிறுத்தி, இட்லியும் மோர்சாதமுமாக ஓட்டியும் ஆபரேஷனுக்கு முன்பே இரண்டாவது முறை வலி வந்தது. இந்த முறை யாரும் நெஞ்சைப் படம் எடுக்கவில்லை, நேராக வயிற்றைத்தான் பார்த்தார்கள். அலை ஓய்ந்திருந்தது. அப்போதுதான் பித்தப்பையை எடுத்தார்கள்.

கணைய அழற்சியும் கொரோனாவும் சேர்ந்தே இருந்தால்? அவர்கள் பாடு இன்னும் மோசம். 2020இல் பல நாட்டு மருத்துவமனைகளில் 1,777 கணைய அழற்சி நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், கொரோனாவும் இருந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 14.7 சதவீதம். கொரோனா இல்லாதவர்களில் 2.6. தொற்று இருந்தவர்கள் வயதிலும் மூத்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும், அந்த எண்ணை மட்டும் எடுத்து வாட்ஸப்பில் பரப்பாதீர்கள்.

வாட்ஸப் என்றதும் எங்கள் அபார்ட்மெண்ட் குரூப் ஞாபகம் வருகிறது. தம்பி நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்த அன்று, "குறிப்பிட்ட வீட்டார் லிஃப்டைத் தவிர்க்கவும்" என்று செயலாளர் போட்டார். வயிற்றில் வலியோடு அவன் மாடிப்படி ஏறினான். கிருமிநாசினி செலவு என்று அந்த மாதப் பராமரிப்புத் தொகையில் கூடுதலாக வசூலித்ததும் அதே செயலாளர்தான். கணக்கு இன்று வரை காட்டவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

உங்கள் வீட்டில் பித்தப்பையில் கல்லோடு இன்னும் யாராவது இருந்தால், டிஸ்சார்ஜ் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் ஆபரேஷன் தேதியைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, நோய்க்குக் காரணம் என்ன என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தம்பியின் சம்மரியில் "அக்யூட் பாங்க்ரியாடைட்டிஸ்" என்று மட்டும் இருந்தது. அதை வைத்தே இன்சூரன்ஸ்காரர்கள், மது காரணமில்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என நிறுத்தி வைத்தார்கள். ஊரடங்கில் இ-பதிவு போட்டுக்கொண்டு அந்த ஒரு வரிக்காக மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையுறை, கவச உடைக்கான காசு கடைசி வரை வரவே இல்லை.